தலையெழுத்தும் தாளெழுத்தும்

பிறந்து இரண்டு திங்களும் ஆகாத குழந்தை. கண் மஞ்சளாகிறது, மலம் சுண்ணாம்பாக வெளுக்கிறது, வயிறு பருக்கிறது. பாட்டி பச்சிலை அரைக்கிறாள். அண்டை வீட்டார் தோஷம் என்கிறார்கள். பெற்றவளோ, "என் தலையெழுத்து!" என்று நெற்றியில் அறைந்துகொண்டு அழுகிறாள். மருத்துவர் மட்டும் வேறு சொல்கிறார்: "பாவமும் இல்லை, தோஷமும் இல்லை. பித்த நாளம் அடைபட்டிருக்கிறது. கல்லீரலில் ஊறும் பித்தம் குடலுக்குள் இறங்க வழியின்றித் தேங்குகிறது. தேங்கித் தேங்கி, ஊறிய இடத்தையே அழிக்கிறது."

தலையெழுத்தென்று கருதப்பட்டதை விஞ்ஞானம் திருத்தி எழுதத் தொடங்கியது 1950-களில். ஜப்பான் நாட்டு செண்டாய் நகரத்து அறுவை மருத்துவர் மோரியோ கசாய், குடலின் ஒரு மடிப்பை நேரே கல்லீரலோடு இணைத்துப் பித்தம் வடிய வழி செய்தார். காலத்தோடு செய்தால் பல குழந்தைகள் பிழைத்தன. ஆயினும் அந்தச் சிகிச்சைக்குப் பின்னரும் கல்லீரல் கெட்டுப் போகும் குழந்தைகள் பலர். அவர்களுக்கு ஒரே வழி, வேறொருவருடைய கல்லீரல். உலகெங்கும் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை செய்யப்படுவதற்கு முதற் காரணம் இன்றும் இந்த நோய்தான்.

இந்த நோய்க்கு மாளிகையும் ஒன்று, மண்குடிசையும் ஒன்று. எல்லைக் கோடு அதற்குத் தெரியாது. நோய்க்குத் தெரியாத எல்லைக் கோடு சிகிச்சைக்குத் தெரிந்ததே, அதை எண்ணும்போதுதான் நெஞ்சம் பதறுகிறது. கோட்டுக்கு இப்பால் பிறந்த குழந்தை வாழ, அப்பால் பிறந்த குழந்தை காத்திருந்து மடிந்த வரலாறு ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அந்த வரலாறு நடந்தது வறுமை மிக்க நாட்டில் அன்று, அமெரிக்காவில்! வறிய நாட்டில் குழந்தை மடிந்தால், பணமில்லை, மருத்துவமனை இல்லை, மருத்துவர் இல்லை என்று கூறிவிடலாம். செல்வமும் கல்வியும் மருத்துவமனைகளும் ஆகாய விமானங்களும் குறைவின்றி இருந்த நாட்டில் ஏன் மடிந்தது? அந்தக் கேள்விக்கு விடை காண்போமானால், நமக்கும் பாடம் கிடைக்கும்.

1963-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில், தாமஸ் ஸ்டார்சல் எனும் அறுவை மருத்துவர் மனிதனுக்கு மனிதன் கல்லீரல் மாற்றும் முதல் முயற்சியில் இறங்கினார். சிகிச்சை மேசையில் கிடந்தது மூன்றே வயதுக் குழந்தை; பித்த நாளம் அடைபட்ட குழந்தை. இரத்தப் பெருக்கு நிற்கவில்லை. குழந்தை மேசையிலேயே இறந்தது. துவண்டுவிடவில்லை அந்த மருத்துவர். 1967 ஜூலைத் திங்களில் இரண்டு வயதும் நிரம்பாத ஒரு பெண் குழந்தைக்குச் செய்தார். அக்குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. கல்லீரல் மாற்று வரலாற்றின் முதல் தோல்வியையும் முதல் வெற்றியையும் தாங்கியவை குழந்தைகளின் உடல்கள் என்பதை மறவாதிருப்போம்.

அடுத்த தடை, பிறர் உறுப்பை உடல் ஏற்காது தள்ளுவது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சணத்திலிருந்து எடுக்கப்பட்ட சைக்ளோஸ்போரின் எனும் மருந்து அதற்கு மாற்றாயிற்று. இங்கிலாந்தில் ராய் கால்ன் 1978-இல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஸ்டார்சல் 1980-இல் கையாளத் தொடங்கினார். 1983-இல் அமெரிக்க அரசின் உடல்நல ஆராய்ச்சி நிலையம் கூட்டிய வல்லுநர் மாநாடு, கல்லீரல் மாற்று இனிச் சோதனை முயற்சி அன்று, சிகிச்சையே என்று கூறிற்று. இருபது ஆண்டுகளில் விஞ்ஞானம் தன் கடமையைச் செய்து முடித்தது. இனி மனிதன் தன் கடமையைச் செய்ய வேண்டும்!

செய்தானா?

1982-ஆம் ஆண்டு மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு குழந்தை, ஓராண்டு நிரம்பவில்லை. கல்லீரல் கிடைத்தால் வாழும்; கிடைக்காவிட்டால் சாகும். தந்தை மருத்துவமனை அலுவல் அறிந்தவர். எங்கே தட்டினால் எந்தக் கதவு திறக்கும் என்பது தெரிந்தவர். நியூயார்க் நகரில் குழந்தை மருத்துவர்களின் பேரவை கூடியிருந்தது. அங்கே சென்றார், பேச இடம் கேட்டார், ஆயிரம் மருத்துவர் முன் நின்று தன் குழந்தைக்காகக் கையேந்தினார். செய்தித்தாள்கள் எழுதின, தொலைக்காட்சி காட்டிற்று. நெடுந்தொலைவில், யூட்டா மாநிலத்தில், விபத்தில் தம் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர், அந்தச் செய்தியை அறிந்து கல்லீரலைத் தந்தனர். மின்னசோட்டாவில் சிகிச்சை நடந்தது, குழந்தை பிழைத்தது.

மகிழ்கிறோம், யார்தான் மகிழமாட்டார்! ஆனால் எண்ணிப் பாருங்கள்: பேசத் தெரியாத தந்தையின் குழந்தை என்னவாயிற்று? பேரவையின் வாயிற்படியைக் கண்டறியாத தாயின் குழந்தை என்னவாயிற்று? அடுத்த ஆண்டு, 1983 ஜூலையில், நாட்டின் தலைவர் ரேகன் வானொலியில் தோன்றி, கல்லீரலுக்காகக் காத்திருந்த ஒரு குழந்தைக்காக மக்களிடம் வேண்டினார். குடியரசுத் தலைவரே வேண்டுவது பெருந்தன்மைதான். ஆனால் அது ஒரு குழந்தைக்கு. காத்திருந்தவையோ பல. அரசு என்பது முறை வகுக்க இருப்பது. முறை வகுக்க வேண்டிய அரசே முறையிடும் நிலைக்கு வந்தது, முறை இல்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று எதற்கு?

முறை வந்தது. டென்னசி மாநிலத்து உறுப்பினர் ஆல் கோர் முன்னின்று நடத்திய விசாரணைகளின் விளைவாக, 1984 அக்டோபர் 19-ஆம் நாள் தேசிய உறுப்பு மாற்றுச் சட்டம் கையெழுத்தாயிற்று. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்றது அச்சட்டம். ஐந்தாண்டுச் சிறை, ஐம்பதாயிரம் டாலர் அபராதம் என்றது. நாடு முழுவதற்கும் ஒரு பட்டியல், ஒரு வலையமைப்பு வேண்டும் என்றது. செல்வர் பணத்தால் வாங்கும் வழி அடைபட்டது. செல்வாக்குள்ளவர் குரலால் வாங்கும் வழியும் குறுகிற்று. நல்ல சட்டம்; பாராட்டுகிறோம்.

ஆனால், அந்த வலையமைப்பு வகுத்த பங்கீட்டு முறையில் ஒரு கோடு நுழைந்தது. நாடு 11 பெருவட்டாரங்களாகவும், அவற்றுள் சிறு வட்டாரங்களாகவும் பிரிந்து நின்றது. பிற்காலக் கணக்கில் சிறு வட்டாரங்கள் 58. கல்லீரல் கிடைத்த சிறு வட்டாரத்தில் உள்ளவர்க்கே முதல் உரிமை. அங்கே எவர்க்கும் பொருந்தாவிடில் பெருவட்டாரத்தார்க்கு. அதன் பிறகே நாட்டின் மற்றப் பகுதியார்க்கு.

தொடக்கத்தில் இதற்கு நியாயம் இருந்தது. உடலினின்று எடுத்த கல்லீரலைக் குளிரில் வைத்துக் காப்பதற்கு அந்நாளில் சில மணி நேரமே இயலும். தொலைவு செல்லுமுன் கெட்டுவிடும். எனவே, அருகில் உள்ளவர்க்கு முதலில் என்றனர். 1980-களின் பிற்பகுதியில் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் பெல்சரும் அவர்தம் துணைவர்களும் ஒரு காப்பு நீர்மத்தை உருவாக்கினர். கல்லீரலை முன்னினும் பன்மடங்கு நேரம் காக்கலாம். வான்வழியே மாநிலம் தாண்டலாம் என்றாயிற்று. கோட்டை நியாயப்படுத்திய காரணம் பெரும்பாலும் போயிற்று. கோடு போயிற்றா? இல்லை. காரணம் செத்த பின்னும் காரியம் மட்டும் உயிரோடிருப்பதை நாம் வேறு பலவற்றில் கண்டிருக்கிறோம். சடங்கு என்று அதற்குப் பெயர். விஞ்ஞானக் கூடத்திற்குள்ளும் சடங்கு குடியேறும் என்பதை இங்கே காண்கிறோம்.

விளைவு என்ன? ஒரே ஆற்றின் இரு கரைகள் என்று கொள்வோம். இக்கரையில் கல்லீரல் கிடைக்கிறது. அக்கரை மருத்துவமனையில் ஒரு குழந்தை இன்றோ நாளையோ என்று கிடக்கிறது. இக்கரை வட்டாரத்தின் மறுகோடியில், நூற்றைம்பது கல் தொலைவில், இன்னும் சில திங்கள் பொறுக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார். கல்லீரல் யாருக்கு? நூற்றைம்பது கல் பயணம் செய்து அவருக்கே போகும், ஆற்றைக் கடக்காது! தொலைவு குறுக்கே நிற்கவில்லை, தோழர்களே; வரைபடம் குறுக்கே நின்றது.

இது தகாது என்று 1998 ஏப்ரலில் அரசு எழுந்தது. சுகாதாரத் துறைச் செயலாளர் டோனா ஷலேலா விதி ஒன்றை வெளியிட்டார். நோயாளி எங்கே குடியிருக்கிறார், எந்த ஊர்ப் பட்டியலில் பெயர் பதிந்திருக்கிறார் என்பது பங்கீட்டைத் தீர்மானிக்கக் கூடாது. நோயின் கடுமைதான் தீர்மானிக்க வேண்டும். உறுப்பு வீணாகாதிருக்கத் தேவைப்படும் அளவுக்கே தொலைவைக் கருதலாம் என்பது அதன் கருத்து.

கிளம்பிற்று எதிர்ப்பு! லூசியானா, விஸ்கான்சின் முதலிய மாநிலங்கள், தம் எல்லைக்குள் கிடைத்த உறுப்பு முதலில் தம் எல்லைக்குள்ளேயே தங்க வேண்டும் என்று சட்டமியற்றின. அவர்கள் சொன்ன காரணத்தை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. "எங்கள் மக்களிடம் எடுத்துச் சொல்லி, கொடையுணர்வை நாங்கள் வளர்த்தோம். அதன் பயன், அந்த உழைப்பைச் செய்யாத பெருநகரங்களுக்குப் போவதா? எங்கள் சிறு மருத்துவமனைகள் உறுப்பின்றி மூடப்பட்டால், எங்கள் ஏழை எங்கே போவான்?" என்று கேட்டனர். கேள்வியில் உண்மை உண்டு. தொலைதூரம் சென்று வாரக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெற ஏழைத் தாயால் இயலாது. ஆயினும், மருத்துவமனைக்கு உறுப்பு வேண்டும் என்பது வேறு, குழந்தைக்கு உறுப்பு வேண்டும் என்பது வேறு. முன்னதைக் காக்கப் பின்னதைப் பலியிடுவது எந்த நீதி? காங்கிரஸ் விதியை நிறுத்தி வைத்தது; வல்லுநர் குழு ஒன்று ஆராய்ந்தது. 1999-இல் அக்குழு, குறைந்தது 90 லட்சம் மக்கள் வாழும் பரப்பாவது ஒரு பங்கீட்டு வட்டாரமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2000-இல் விதி நடைமுறைக்கு வந்தது. வரைபடமோ, அப்படியே நின்றது!

2002 பிப்ரவரியில் வேறொரு சீர்திருத்தம் வந்தது. நோயின் கடுமையை எண்ணால் அளப்பது. பெரியவர்க்கு ஒரு வாய்ப்பாடு. குழந்தைகளுக்கு ஒரு வாய்ப்பாடு. இரத்தத்தில் பித்த நிறமி எவ்வளவு, இரத்தம் உறைய எவ்வளவு நேரம், குழந்தை வளர்ச்சி குன்றியதா என்று பார்த்து மதிப்பெண் இட்டனர். அழுத பிள்ளைக்குப் பால் என்ற நிலை மாறி, அளந்து தரும் நிலை. வரவேற்கத்தக்கதே. ஆனால் அளவுகோலில் பிழை. ஒரே மதிப்பெண் பெற்ற பெரியவரையும் குழந்தையையும் ஒப்பிட்டால், குழந்தைக்கே சாவு அதிகம் நெருங்கியிருந்தது. மதிப்பெண் அதைக் காட்டவில்லை. என்ன செய்வார் மருத்துவர்? "எண் பொய் சொல்கிறது, என் நோயாளிக்குக் கூடுதல் மதிப்பெண் தருக" என்று வட்டாரக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதினார். குழுக்களோ வட்டாரத்திற்கு ஒன்று. ஒரு குழு இரங்கியது. இன்னொரு குழு மறுத்தது. அளவுகோலால் வெளியேற்றிய வட்டார பேதம், விண்ணப்பத்தின் வழியே மீண்டும் உள்ளே வந்து உட்கார்ந்தது!

நெஞ்சை உறுத்தும் கணக்கு ஒன்று கூறுகிறோம். 2010 முதல் 2014 வரை அந்நாட்டில் இறந்த சிறுவர் சிறுமியரிடமிருந்து பெற்ற கல்லீரல்களில், பாதிக்குச் சற்றே குறைவானவை பெரியவர்களுக்குப் போயின. அவற்றுள் ஒரு பகுதி, எந்தக் குழந்தைக்கும் தரப்படலாமா என்று கேட்கப்படாமலே போயின. அதே ஆண்டுகளில் குழந்தைகள் பட்டியலில் காத்திருந்தே இறந்தனர். பெரியவர் எவரும் குழந்தையிடமிருந்து பறிக்கவில்லை. அவரும் நோயாளியே, அவரும் வாழ விரும்பியவரே. பறித்தது கோடு. குழந்தையின் கல்லீரல் கிடைத்த வட்டாரத்தில் குழந்தை நோயாளி இல்லை, கோட்டுக்கப்பால் இருந்தது. அவ்வளவுதான்.

கோடு கடைசியில் எப்படி அழிந்தது? கருணையால் அன்று, வழக்கால். 2017 நவம்பரில், நியூயார்க் மருத்துவமனையில் நுரையீரலுக்காகக் காத்திருந்த 21 வயதுப் பெண் ஒருவர் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. ஹட்சன் ஆற்றுக்கு எதிர்க்கரையில் கிடைக்கும் நுரையீரல் எனக்கு வராது, ஏனெனில் அது வேறு வட்டாரம்; இது எந்த நியாயம் என்பதே வழக்கு. சில நாட்களுக்குள் நுரையீரலுக்கான வட்டாரக் கோடு நீக்கப்பட்டு, கொடையாளர் இருக்கும் மருத்துவமனையைச் சுற்றி 250 கடல் மைல் வட்டம் வகுக்கப்பட்டது. கல்லீரலுக்கும் அத்தகைய வட்ட முறை 2019 மே திங்களில் வந்தது. சில மருத்துவமனைகள் வழக்காடின. சில நாட்களில் நின்றது. 2020 பிப்ரவரி 4-ஆம் நாள் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்ட கொடையாளரின் கல்லீரல், 500 கடல் மைலுக்குள் உள்ள குழந்தைகளை நாடிய பிறகே பெரியவரை நாடும் என்றாயிற்று. வட்டாரக் குழுக்களின் இடத்தில் நாட்டுக்கு ஒரே குழு 2019-இல் அமைந்தது. குழந்தைகளின் அளவுகோல் 2023-இல் திருத்தப்பட்டது.

எண்ணிப் பாருங்கள்! 1984-இல் சட்டம், 1998-இல் விதி, 2020-இல் நடைமுறை. 36 ஆண்டுகள்! கல்லீரலை மாற்றக் கற்றுக்கொள்ள விஞ்ஞானத்துக்கு இருபது ஆண்டு. ஒரு கோட்டை மாற்றக் கற்றுக்கொள்ள மனிதனுக்கு முப்பத்தாறு ஆண்டு.

கோட்டை அழித்தால் மட்டும் போதுமா? போதாது. இருக்கும் உறுப்பைப் பகிர்வது ஒரு வழி. ஒன்றை இரண்டாக்குவது இன்னொரு வழி. கல்லீரல் வளரும் தன்மையுடையது. அதன் ஒரு பகுதியே குழந்தைக்குப் போதும். 1988-இல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிக்கில்மயர், ஒரு கல்லீரலைப் பிளந்து ஒரு குழந்தைக்கும் ஒரு பெரியவருக்கும் தந்தார். 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு தாய் தன் கல்லீரலின் பகுதியைத் தன் மகனுக்குத் தந்தார். அவர் தம் நாட்டில் வழியின்றிக் கடல் கடந்து வந்த ஜப்பானியத் தாய்! பெரியவரா குழந்தையா என்ற போட்டியையே ஒழிக்கும் கத்தி அது. ஆனால் எல்லா மருத்துவமனையிலும் அந்தக் கத்தியைப் பிடிக்கக் கற்றவர் இல்லை. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க குழந்தைகளுக்கே சிகிச்சை செய்யும் இடத்தில் அத்திறன் எப்படி வளரும்? இத்தாலி நாடு 2015-இல் விதி செய்தது: தகுதியான கல்லீரலைப் பிளக்க முடியுமா என்று முதலில் பார்த்தே தீரவேண்டும், குழந்தைக்குரிய பகுதி குழந்தைக்கு. மருத்துவரின் விருப்பமாக இருந்தது நாட்டின் கடமையாயிற்று.

இவ்வளவும் எவருடைய நாட்டுக் கதையோ என்று ஏட்டை மூடிவிட வேண்டாம். நம் வீட்டு வாயிலுக்கும் இந்தக் கதை வந்திருக்கிறது. இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. 1998 நவம்பரில், இந்நாட்டில் குழந்தைக்குச் செய்யப்பட்ட முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்றுச் சிகிச்சை தில்லியில் நடந்தது. யாருக்கு? காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு. இரண்டு வயதும் நிரம்பவில்லை. பித்த நாளம் அடைபட்ட நோய்தான். தந்தை தன் கல்லீரலின் பகுதியைத் தந்தார். அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, மருத்துவராகவே ஆயிற்று. உள்ளம் குளிர்கிறது. உடனே ஒரு கேள்வியும் எழுகிறது. காஞ்சிக்கும் தில்லிக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க முடியாத குழந்தைகள் அந்த ஆண்டில் எத்தனை?

பிறகு நிலை மாறிற்று. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவுற்ற 15 வயது மகனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் இருவரும் ஈந்தனர். காவல் துறை வழியமைத்துத் தர, சென்னைத் தெருக்களில் சில நிமிடங்களில் அவன் இதயம் விரைந்தது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பில் துடித்தது. அச்சிறுமி கர்நாடகத்தைச் சேர்ந்தவள். அந்த இதயம் மாநில எல்லையைப் பார்க்கவில்லை! அதே ஆண்டில் தமிழ்நாடு, இறந்தோர் உறுப்புக் கொடைக்கு முறையான திட்டம் வகுத்தது. அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் இடம்பெற்றது. இன்று இத்துறையில் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. பெருமைப்படுகிறோம்.

பெருமைப்பட்ட வாயோடு ஒன்றைக் கேட்டாக வேண்டும். இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால், பத்து லட்சம் பேருக்கு ஒருவர்கூட இறந்தபின் உறுப்பு ஈவதில்லை. ஈபவரும் தமிழ்நாடு, தெலங்கானா, மகாராட்டிரம், கர்நாடகம், குஜராத் போன்ற சில மாநிலங்களிலேயே பெரும்பாலும் இருக்கிறார்கள். கிழக்கிலும் வடகிழக்கிலும் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் கல்லீரல் பொருந்தினால் உண்டு. அவர்களும் நோயாளியாயின், பெரும்பாலும் இல்லை. அக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வரும் தாயிடம், "முதலில் எம் மாநிலத்தார், எஞ்சினால் உனக்கு" என்று நாம் சொன்னால், அது லூசியானா சொன்ன சொல் அன்றோ? பின்தங்கிய நிலையில் இருந்தபோது கோட்டைப் பழிப்பது எளிது. முன்னேறிய பின் நம் கோட்டை நாமே பார்ப்பதுதான் கடினம்.

இந்த ஆண்டே எல்லாக் கோட்டையும் அழித்துவிடுக என்று கூறவில்லை. முயலாத மாநிலம் முயன்ற மாநிலத்தின் கொடையில் குளிர்காய்வதும் நீதியாகாது. எனவே, ஒவ்வொரு மாநிலத்திலும் கொடைத் திட்டமும், குழந்தைகளுக்கு இதைச் செய்யவல்ல அரசு மருத்துவமனையும் வேண்டும். அதுவரையில், சாவின் விளிம்பில் நிற்கும் குழந்தைக்காவது எந்த மாநிலம் என்று கேளாத ஒரே பட்டியல் வேண்டும். பிளக்கத்தக்க கல்லீரலைப் பிளந்தே தீரவேண்டும் என்ற விதி வேண்டும். 2023-இல் இந்திய அரசு, உறுப்புக்குப் பெயர் பதிய அந்தந்த மாநிலத்தில் குடியிருப்பதற்கான சான்று தேவையில்லை என்று அறிவித்தது. பெயர் பதியும் வாயில் திறந்திருக்கிறது. வரிசையில் எங்கே நிறுத்துவோம் என்பது அடுத்த கேள்வி.

விதி என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் வழங்குகிறது. மாற்ற முடியாதது என்று தாய் நெற்றியில் அறைந்துகொள்கிறாளே, அது ஒன்று. அலுவலகத்தில் மனிதன் தாளில் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்துகிறானே, அது ஒன்று. மஞ்சள் பூத்த கண்களோடு மடியில் கிடக்கும் குழந்தையைக் கொன்றது முதல் விதி என்று அந்தத் தாய் நம்பிக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது விதியை அவளுக்குக் காட்டுவோம். எழுதியவன் மனிதன் என்று சொல்வோம். திருத்தும் உரிமை அவளுக்கும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.